இன்னும் கொஞ்சம் மாவு

அந்த வீட்டில் மாடியில் குடித்தனம், கீழே அண்டா. கீழே தக்காளி கொதிக்கும்போது மாடியில் தரை சுடும். வெயில் காலத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மழைக்காலத்தில் அதுவே சுகம். கொடியில் காய்கிற துணி, தலையணை உறை, அண்ணன் வெளியே போகப் போட்டுக்கொள்ளும் நல்ல சட்டை, எல்லாவற்றிலும் வினிகர் வாடை ஏறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துகொள்வார்கள். தங்கைக்கு அதில் துளியும் வெட்கம் கிடையாது. தாராளமாகக் கால் நீட்ட இடம் கிடைக்கிறதே என்பாள்.

வீட்டுக்குத்தான் அவள் தங்கை. வேலையாட்களுக்குச் சட்டிக்கார அக்கா. சாஸ் காய்ச்சுகிற அண்டாக்கள் அவள் பொறுப்பு. கோபம் வந்தால் அவளும் ஒரு அண்டாதான், மூடி நிற்காது. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. தக்காளி வாங்குவது, வெளி ஆட்களோடு பேசுவது எல்லாம் அண்ணன். பாட்டிலில் நிரப்புவது, மூடி போடுவது, லேபிள் ஒட்டுவது அண்ணி. அப்பா விட்டுப் போன தொழிலை மூன்று பேரும் இப்படிப் பிரித்துக்கொண்டு ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சியது இரண்டு வகை. ஒன்று, ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பெரிய கம்பெனிக்கு. டிவியைப் போட்டால் அந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு குடும்பமே பல்லைக் காட்டும். இன்னொன்று ஒரு சூப்பர்மார்க்கெட்டின் சொந்தச் சரக்கு. வெள்ளை லேபிள், அதில் கடையின் பெயர், அதன் கீழே தக்காளி சாஸ் என்று கறுப்பு எழுத்து. ஒரு தக்காளிப் படம்கூடப் போட மாட்டார்கள். விலையும் குறைவு. விலை குறைந்ததால் உள்ளே இருப்பதும் மட்டம்தான் என்று நினைக்கிறவர்கள் அதைத் தொடாமலே தாண்டிப் போவார்கள்.

உண்மை நேர்மாறாக இருந்தது. அப்பா காலத்தில் கம்பெனி சாஸிலும் தக்காளிதான் இருந்தது. அப்புறம் கம்பெனி மேலாளர் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு மாற்றத்தைச் சொல்லிவிட்டுப் போவார். விழுதைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டச் சொன்னார். தண்ணீர் கூடி ஓடியதால் சோள மாவு போடச் சொன்னார். மாவு போட்டு வெளுத்ததால் சாயம். ருசி செத்துப்போனதால் சர்க்கரை. தங்கை ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். அது அவர்கள் சரக்கு, அவர்கள் பெயர், அவர்கள் பாடு என்று அண்ணன் அவளை அடக்குவான்.

பதம் பார்க்க அவளிடம் ஒரு பீங்கான் தட்டு உண்டு. ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பிடிப்பாள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து வளையம் கட்டினால் இன்னும் கொதிக்க வேண்டும். கட்டாமல் உட்கார்ந்தால் இறக்கலாம். மாவு போட்ட சாஸுக்கு இந்தத் தட்டே தேவையில்லை. மாவு தண்ணீரைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, எப்போது சாய்த்தாலும் யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கவே அவளுக்குப் பிடிக்காது.

அப்படியிருந்தபோதுதான் சூப்பர்மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கிற அம்மா தேடிக்கொண்டு வந்தார். தன் சாஸ் டிவியில் வராது, சுவரில் ஒட்டப்படாது, ஒருமுறை வாங்கினவர்கள் மறுபடி வாங்கினால்தான் உண்டு, அதற்கான வழி பாட்டிலுக்குள்தான் இருக்கிறது என்றார். அந்தப் பேச்சில் தங்கை அப்படியே விழுந்துவிட்டாள். பழுத்த தக்காளியாகப் பொறுக்கி, வெங்காயம் பூண்டு பட்டை கிராம்பு தட்டித் துணியில் மூட்டை கட்டி அண்டாவுக்குள் தொங்கவிட்டு, காரம் இறங்கியதும் பிழிந்து எடுத்து, மாவின் வாடையே இல்லாமல் சுண்டக் காய்ச்சினாள். விளம்பரத்துக்குப் போகிற காசு தக்காளிக்குப் போனது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். வெள்ளை லேபிள் அடுக்கு காலியாக இருக்கும். கம்பெனி பாட்டில்களின் கழுத்தில் தூசி இருக்கும். தங்கை லீவு நாட்களில் அந்தக் கடைக்குப் போய், எதுவும் வாங்காமல், அந்தக் காலி அடுக்கைப் பார்த்துவிட்டு வருவாள்.

எந்த அண்டாவில் எது கொதிக்கிறது என்பதற்கு அங்கே அடையாளம் துணிதான். கம்பெனிச் சரக்கு என்றால் அண்டாக் குழாயில் சிவப்புத் துணி; வெள்ளை லேபிள் என்றால் வெள்ளைத் துணி. முன்பு பலகை மாட்டியிருந்தார்கள். நீராவி பட்டுப் பட்டு எழுத்து வழிந்துவிட்டது. துணி என்றால் சாயங்காலம் கழுவிக் காயப்போட்டுக் காலையில் கட்டிவிடலாம்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. தக்காளி வரத்து உச்சத்தில் இருந்தது, ஒரு துணியும் காயவில்லை. ஒருநாள் காலையில் தங்கை அவசரத்தில், கழுவாமல் கிடந்த முந்தின நாள் வெள்ளைத் துணியையே எடுத்துக் கட்டிவிட்டாள். ஒருநாள் முழுக்கத் தக்காளியில் ஊறின வெள்ளைத் துணி என்ன நிறத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணி பார்த்தாள், சிவப்பு. ஒரு அண்டா சாஸையும் கம்பெனி பாட்டிலில் நிரப்பி, மூடி போட்டு, லாரியில் ஏற்றிவிட்டாள். குழாயில் கொஞ்சம் கனமாகத்தான் இறங்கியதாம். குளிருக்கு இறுகியிருக்கும் என்று நினைத்தாளாம். சாயங்காலம் வெள்ளை லேபிள் பாட்டில்கள் காலியாக அடுக்கியபடியே இருப்பதைப் பார்த்ததும்தான் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. லாரி அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது. அண்ணன் இருவரையும் வாயைத் திறக்கக்கூடாது என்றான். யாருக்குத் தெரியப் போகிறது என்றான்.

நாக்குக்குத் தெரிந்துவிட்டது. பழைய ருசி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லி ஜனங்கள் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். மேலாளரே அண்ணனைக் கூப்பிட்டு, என்னய்யா மந்திரம் போட்டீர்கள் என்று குஷியாகக் கேட்டார். தக்காளி இந்தத் தடவை நல்ல தக்காளி சார் என்று அண்ணன் மென்று விழுங்கினான். அடுத்த லோடு கடைக்குப் போனதும் அதே ஜனங்கள் அதே நம்பருக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். கம்பெனியில் அந்தப் பழைய லோடின் பாட்டிலைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். மேலாளர் குடையை மடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது அவர் பையில் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்று கம்பெனி லேபிள், ஒன்று வெள்ளை லேபிள். உள்ளே இரண்டும் ஒன்றே.

அவர் கத்தவில்லை. அண்ணி கொடுத்த டீயை ஊதிக் குடித்தார். ஒப்பந்தப்படி என்னென்ன செய்யலாம் என்பதை அமைதியாகச் சொன்னார். ஆர்டரை நிறுத்தலாம், கீழே இருக்கிற பெரிய அண்டா இரண்டும் கம்பெனியுடையவை, அவற்றை எடுத்துக்கொண்டு போகலாம். அது போனால் பாதி வேலை போச்சு, வேலையாட்களில் பாதிப் பேர் போச்சு என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முகம் செத்துப்போன அண்ணன் துணி மாறிய கதையைச் சொன்னான். அண்ணி தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தாள். மேலாளர் அவளைக் கையமர்த்தினார்.

"தப்பப் பத்தி நான் பேச வரலம்மா. துணி மாறிப்போச்சு, சரி. இந்த வெள்ளை லேபிள் நல்லா இருக்கு, அதுதான் பிரச்சினை. எங்க வீட்லயே இதத்தான் வாங்குறாங்க, நான் சொன்னா யாரு கேக்குறா? ரெண்டும் ஒரே கையில காய்ச்சறதுன்னு நாளைக்கு வெளிய தெரிஞ்சா, விலை கூடினத எவன் தொடுவான்?"

"அப்ப உங்களோடத நல்லா பண்ணச் சொல்லுங்க. நாங்கதானே காய்ச்சறோம், பண்ணித் தர்றோம்" என்றாள் தங்கை.

"அது மேல முடிவு பண்றது. மேல இருக்கறவங்க இத ஒரு சொட்டு நக்கிப் பாத்திருக்க மாட்டாங்க. செலவு குறையணும், அவ்வளவுதான் அவங்களுக்கு."

"ஏத்த முடியாது, அதனால இத எறக்குங்கறீங்க."

"அப்படித்தான்னு வச்சுக்குங்க. எங்களோடத விட ஒரு படி கீழ இருக்கணும். நாளைக்கு நானே வந்து நின்னு பாக்கறேன்."

அவர் மரியாதையாக நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போனார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாமே என்று இருந்தது தங்கைக்கு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் முட்டையும் ரொட்டியும் ஆறிப்போய்க் கிடந்தன. அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தக்காளி கழுவுகிற பெண்களில் ஒருத்திக்குப் படுத்த படுக்கையாகப் புருஷன், பாய்லர்காரர் இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பார், நம் வீம்புக்கு அவர்கள் வயிற்றில் அடிப்பதா என்று கேட்டான். கொஞ்சம் மாவுதானே, விஷமா என்றான். ஒரு மாதம் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றான். சூப்பர்மார்க்கெட் அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று தங்கை கேட்டதற்கு, சொல்ல வேண்டாம் என்றான்.

"அண்ணே, அவங்க சரக்கு டிவியில வராது. நாக்குல தெரிஞ்சாதான் விக்கும். அதுலயும் மாவக் கொட்டினா அப்புறம் அந்த பாட்டில்ல என்னதான் இருக்கு?"

"பாட்டில்ல என்ன இருந்தா என்ன பாப்பா, லேபிள்ல நம்ம பேரா இருக்கு? ரெண்டுலயும் இல்ல. எவன் பேரோ கெடட்டும், நமக்கு என்ன?"

தலையில் நரை விழுந்த பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பேர் போடாததால்தான் தன் கை தனக்குப் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கொட்டறதுன்னா நீயே கொட்டு. என் கையால நடக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். துணியைக் கட்டியது தங்கை, நிரப்பியது அவள். இருந்தும் புருஷன் அன்று முழுக்க அவளை மட்டும்தான் முறைத்தான்.

மறுநாளும் மழை. மேலாளர் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் ஒரு ஸ்பூனோடு கீழே வந்து நின்றார். தங்கை எப்போதும்போலக் காய்ச்சினாள். தட்டில் சொட்டு விட்டுப் பார்த்தாள், வளையம் இல்லை. நீராவியைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அண்டாவை விட்டு நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள். அவள் பேச்சு மாறவில்லை என்பது அண்ணனுக்குப் புரிந்தது. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, மாவுச் சாக்கைப் பிரித்து, வாளித் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்தான். சின்ன வயதில் அப்பாவோடு நின்று அண்டா கிளறுகிற துடுப்பைப் பிடித்த கை அது, வேலை மறக்கவில்லை. கழுவுகிற பெண்கள் தக்காளித் தொட்டியில் கையை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். பாய்லர்காரர் கதவோரம் வந்துவிட்டார்.

அண்ணன் கரைசலை ஊற்றிக் கிளறினான். சிவப்பு ஒரு சுற்று வெளுத்தது. மேலாளர் ஸ்பூனில் எடுத்து, ஆற்றி, வாயில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இன்னும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் மாவு போடுங்க."

மறுபடி கரைத்தான், மறுபடி ஊற்றினான். இந்தத் தடவை துடுப்பு கனத்தது, கொப்புளம் மேலே வந்து சோம்பேறித்தனமாக உடைந்தது. மேலாளர் மறுபடி நக்கிப் பார்த்தார். கம்பெனி பாட்டிலையும் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டார். பாவம், அவர் நாக்கு நேர்மையான நாக்கு, அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

"எங்களோடத விட இப்பவும் இதுதான் மேல. தண்ணியும் சேருங்க. இன்னும் கொஞ்சம் மாவு."

அண்ணன் வாளியை எடுத்தான். சாக்குக்குள் கையை விட்டான். கை அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் சாக்குக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்தே இருந்தான். அவன் காது மடல் சிவந்துகொண்டு வருவதைத் தங்கை சுவரோரத்திலிருந்து பார்த்தாள். கோபம் வந்தால் அப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும். நிமிர்ந்தபோது அவன் கையில் மாவு இல்லை.

"சார், எங்கப்பா இந்த அண்டாகிட்ட நின்னு என்னக் கிள்ளியிருக்காரு, அடிச்சிருக்காரு. புளிப்பு பத்தலம்பாரு, நிறம் பத்தலம்பாரு. நீங்க வந்தும் எத்தனையோ குறை சொல்லியிருக்கீங்க, கேட்டுக்கிட்டேன். கெட்டது பத்தலன்னு இன்னைக்குத்தான் சார் கேக்கறேன்."

மேலாளர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். அவசரப்பட வேண்டாம், நிதானமாக யோசித்துச் சொல்லலாம் என்றார்.

"யோசிச்சதாலதான் ரெண்டு வாளி ஊத்தினேன். யோசிக்காம இருந்திருந்தா மொதல் வாளியே ஊத்தியிருக்க மாட்டேன். உங்க அண்டா ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவன் போலத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கைக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது, அதனால் போய்த் துடுப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள். அண்ணி யாரையும் கேட்காமல் அண்டாவின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டாள். கெடுத்துவைத்த ஒரு அண்டா சாஸும் சாக்கடையில் இறங்கி, மழைத்தண்ணீரோடு சேர்ந்து தெருவில் சிவப்பாக ஓடியது. அத்தனை தக்காளியும் போனதில் தங்கைக்குக் கண் கலங்கியது. மேலாளர் ஸ்பூனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் குடையை விரித்தபோது, இனிமேல் இந்த சாஸ் கடையில் கிடைக்குமல்லவா என்று தங்கையிடம் தணிந்த குரலில் கேட்டார். கிடைக்கும் என்றாள் தங்கை. அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

சொல்வது சுலபம், அதன் பிறகு நடந்ததெல்லாம் கஷ்டம். தங்கை சூப்பர்மார்க்கெட் அம்மாவைப் பார்த்து, துணி மாறியதிலிருந்து இரண்டு வாளி மாவு வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் கூடக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்; கம்பெனி எடுத்த அளவுக்குத் தன்னால் முடியாது என்பதையும் சொன்னார். இன்னொருமுறை எதையும் மறைத்தால் தான் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றும் சொன்னார். கழுவுகிற பெண்கள் தங்களுக்குள் பேசி, யாரையும் அனுப்ப வேண்டாம், ஆளுக்குப் பாதி நாள் வருகிறோம் என்றார்கள். மூடி போடுகிறவன் ஒருத்தன் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. பாதி ராத்திரியில் எழுந்து, நான் செய்தது சரிதானே என்று அண்ணியை எழுப்பிக் கேட்பானாம். சரிதான், பேசாமல் படுங்கள் என்பாளாம்.

அண்டாவை எடுக்கக் கம்பெனி லாரி வந்த அன்றுதான் புதிதாக ஒரு சிக்கல் தெரிந்தது. அண்டா கதவு வழியாக வரவில்லை. அந்தக் காலத்தில் அண்டாவை உள்ளே வைத்துவிட்டுத்தான் தெருப்பக்கச் சுவரையே எழுப்பியிருக்கிறார்கள். தெருவுக்கு வாடை போகக்கூடாது, வெளியே பெயர்ப்பலகை வைக்கக்கூடாது, உள்ளே நடப்பது எட்டிப் பார்த்தால் தெரியக்கூடாது என்பது கம்பெனி அப்பாவுக்குப் போட்ட நிபந்தனை. அதனால் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. லாரியோடு வந்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பலாம் என்றான்.

தங்கை பாய்லர் அறைக்குப் போய்ப் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நகரச் சொல்லிவிட்டுச் சுவரின் நடுவில் ஓங்கிப் போட்டாள். காரை உதிர்ந்தது, செங்கல் அசையவில்லை. மறுபடி போட்டாள். அண்ணன் பொறுக்க மாட்டாமல் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, சின்ன வயதிலிருந்து அந்தச் சுவர் மேல் கோபம் இருந்தவன் மாதிரி அடித்தான். ஒரு செங்கல் வெளியே விழுந்தது. பிறகு நாலைந்து. பாய்லர்காரர் கடப்பாரையோடு வந்தார். வெளிச்சம் ஒரு கையகலம் உள்ளே வந்து, தக்காளித் தொட்டி மேல் விழுந்து, அப்புறம் அறை முழுவதும் பரவியது. அத்தனை வருஷமும் விளக்கு வெளிச்சத்திலேயே பார்த்துப் பழகிய தக்காளி அவ்வளவு சிவப்பு என்பது கழுவுகிற பெண்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

லாரி இரண்டு அண்டாவையும் ஏற்றிக்கொண்டு போனது. உள்ளே அப்பாவின் பழைய சின்ன அண்டாக்கள் மட்டும் இருந்தன. தங்கை அவற்றில் ஒன்றுக்கு அடுப்பைப் பற்றவைத்துக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை லேபிள் மறுநாள் போயாக வேண்டும். பட்டையும் கிராம்பும் கொதிக்கிற வாசனை உடைந்த சுவர் வழியே தெருவுக்குப் போனது. போகிற வருகிறவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டில் பல வருஷமாக இருக்கிற ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். இதற்குள் இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்று தனக்குத் தெரியவே தெரியாது, எந்தக் கம்பெனி இது என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்து, பழக்கதோஷத்தில் மூடிக்கொண்டான். வெளி ஆட்கள் யாராவது கேட்டால் பேச்சை மாற்ற வேண்டும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. தங்கைக்கு அண்டாவை விட்டுத் திரும்ப நேரமில்லை. அண்ணி இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, செங்கல் குவியலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள்.

"கம்பெனி எல்லாம் இல்லைங்க" என்றாள். "நாங்கதான்."